பதினாலாம் நம்பர் மேல்கட்டில்

தையல்நாயகி என்று
வருகைப் பதிவேட்டில் நீளமாகக் கிடக்கிறேன்.
மன்னார்குடிக்கு வந்த மூன்றாம் நாளே
பெனிட்டா அதை வெட்டித் தைத்துவிட்டாள்:
டெய்லர்.
கூப்பிட்டால் திரும்புகிறேன்.
பக்கெட்டில் பெயிண்டால் நானே எழுதியும் கொண்டேன்,
டெய்லர், 14.

இரண்டாவது வாரம்
குளியலறை வரிசையில் "செத்த இரு" என்று சொல்லப்போய்
மாடி முழுக்கச் சிரித்தது.
யாரு செத்தா, யாரு செத்தா என்று
சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கேட்டார்கள்.
அன்றிலிருந்து ஒன் மினிட்.
"வெள்ளன எழுப்பு" என்பதை
ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி அடக்கிவிட்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்,
பிரெட்டும் ஜாமும் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போயிற்று.
அதில் நடிப்பில்லை.
பேட்மிண்டனும் பிடித்தது.
பெனிட்டாவின் இங்கிலீஷில் ஏழெட்டுச் சொற்களைத்
திருடி வைத்திருக்கிறேன்.
அவை என் வாயில் சுமாராகப் பொருந்துகின்றன,
அக்காவின் பாவாடையை நாடா இழுத்துக் கட்டியதுபோல.

கட்டில்தான்.

இரும்பு மேல்கட்டில், புரண்டால் கத்தும்.
விசிறிக்குப் பக்கத்தில், தரைக்கு ஐந்தடி மேலே
லாரியில் அடுக்கிய நெல்மூட்டையாக
எங்கேயோ இறக்கப்படக் காத்துக்கிடந்தேன்.
எனக்குத் தூக்கம் என்றால் சிமெண்ட்.
முதுகெலும்பு கண்ணி கண்ணியாகத் தரையைத் தொட்டு
ம், இருக்கிறது, என்று எண்ணி முடித்தால்தான்
கண் மூடும்.

விதி எண் ஒன்பது:
தரையில் படுத்தால் ஐம்பது ரூபாய்.
பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம்,
பாம்பு வருமாம்.
மாடிக்கு.

அதனால் பத்தேமுக்காலுக்கு
வார்டன் சிஸ்டரின் டார்ச் படியிறங்கியதும்
நானும் இறங்குவேன்.
ஏணியின் மூன்றாம் படியை மிதிக்கக் கூடாது,
அது காட்டிக்கொடுக்கும்.
ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே
ஓர் ஆள் நீளத்துக்கு இடம்.
துண்டை விரித்துக் காதை வைத்தால்
கீழே எங்கோ தண்ணீர் மோட்டார் உறுமும்,
இரவு ரயில் கிளம்புவது பல்லில் தெரியும்.
நாலரைக்கு மேலே ஏறி
ஐந்து மணிக்கு எல்லோரையும்போல
கட்டிலில் விழிப்பேன்.

ஆடி, ஆவணி, புரட்டாசி.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
வரலாற்றுப் புத்தகத்தின் மேலேயே கண்ணயர்ந்து
ஒன்றரைக்குத்தான் இறங்கினேன்.
மழை. கரண்ட் இல்லை.
துண்டை விரிக்குமுன் தரையில் கை பட்டது.

சூடு.

வெயில் பட்ட சூடில்லை,
மூன்று நாளாக வெயிலே இல்லை.
தோள் அகலத்துக்கு ஒரு சூடு,
இடுப்பிருந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக,
சுற்றிலும் சில்லென்ற சிமெண்ட்.
யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறாள்.
என் கட்டில் கத்தியது கேட்டிருக்கும்.
இருட்டில் நாற்பத்திரண்டு கட்டிலும் மூச்சுவிட்டன,
அதில் ஏதோ ஒன்று மட்டும்
ரொம்ப ஒழுங்காக.

அந்தச் சூடு ஆறுமுன்
அதிலேயே படுத்தேன்.

காலைப் பிரார்த்தனை வரிசையில்
நான் மாதாவைப் பார்க்கவில்லை, கன்னங்களைப் பார்த்தேன்.
துண்டின் நெசவு பதிந்த கன்னம் எப்படியிருக்கும் என்று
எனக்குத் தெரியும்,
பச்சைத்தண்ணீரில் தேய்த்தாலும் ஒரு மணி நேரம் போகாது.
யாருக்கும் இல்லை.
பெனிட்டா மட்டும் இடது பக்கம்
ஒரு கை பவுடர் கூடுதலாக அப்பியிருந்தாள்.
அது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

டிபன் மேசையில்
"டெய்லர், ஜாமைத் தள்ளு" என்றாள்.
கத்தி என் கையில், ரொட்டியில் பாதிதான் பூசியிருந்தேன்.
வாயைத் திறந்தேன்,
ஒன் மினிட் வரவேண்டிய இடத்தில்
செத்த இரு
வந்தது.

மேசை நிமிர்ந்தது.
எதிர்வரிசையில் ஒருத்தி சிரிப்பை வாயில் தயாராக வைத்துக்கொண்டு
எப்போது ஆரம்பிக்கலாம் என்று
பெனிட்டாவின் முகத்தைப் பார்த்தாள்.

பெனிட்டா ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.
இருந்தாள்.